காசு கொடுத்து வாங்கியவரையும் திருடன் என்ற விண்டோஸ்: ஒரு ஃபால்ஸ் பாசிட்டிவ் வரலாறு

கம்ப்யூட்டர் கதையில் டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனா இது அடிப்படையில் ஒரு லேப் ரிப்போர்ட்டின் கதை. நோய் இல்லாதவருக்கு "நோய் இருக்கு"ன்னு ரிப்போர்ட் வந்தால் என்ன ஆகும்னு எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. மைக்ரோசாஃப்ட் அதைக் கற்றுக்கொள்ள பல வருஷம் ஆச்சு.

நேராக விஷயத்துக்கு வருவோம்.

2007 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிற்பகல் நேரம். உலகின் பல மூலைகளில், காசு கொடுத்து, பெட்டியோடு, பில்லோடு விண்டோஸ் வாங்கியவர்களின் கம்ப்யூட்டர்கள் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தன. "இந்த விண்டோஸ் அசல் அல்ல."

விஸ்டா வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஏரோ திரை போய்விட்டது. ரெடிபூஸ்ட் நின்றது. உளவு நிரல்களைத் தடுக்கும் டிஃபெண்டரின் சில வேலைகளும் நின்றன. எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு "சரிபார்ப்பில் தோல்வி" என்ற பதில்.

இது சுமார் 19 மணி நேரம் நீடித்தது. பாதிக்கப்பட்டவை உலகம் முழுக்க 12,000 கம்ப்யூட்டர்களுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் பிறகு சொன்னது.

எப்படி நடந்தது? அதற்கு கொஞ்சம் பின்னாடி போகணும்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி கடைக்கு வந்தது. அதோடு சேர்ந்து வந்ததுதான் "ஆக்டிவேஷன்". வாங்கியவர் 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ போன் செய்தோ பதிவு செய்யணும். அப்போது விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரின் பத்து விதமான அடையாளங்களைப் பார்க்கும். ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, ராம், பிராசஸர் என்று. அதையெல்லாம் சேர்த்து ஒரு எண் ஆக்கும். கைரேகை மாதிரின்னு வெச்சுக்கோங்க. பிறகு பாகங்களை நிறைய மாற்றினால், "நீ வேற ஆள்" என்று சொல்லி மறுபடி பதிவு கேட்கும்.

ஆனா பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆயிரம் கம்ப்யூட்டருக்கு ஆயிரம் தடவை பதிவு செய்ய முடியுமா? அதனால அவர்களுக்கு "வால்யூம் லைசென்ஸ்" என்று ஒரே கீ கொடுத்தார்கள். அதற்கு ஆக்டிவேஷனே வேண்டாம்.

என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. அப்படிப்பட்ட ஒரு கீ, எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே கசிந்தது. திருட்டு சிடி முழுக்க அந்த ஒரே கீ. 2002ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் அதைத் தடுத்தார்கள். அதற்குள் வேறு கீகள் வெளியே வந்துவிட்டன.

ஆக, திருட்டு சிடி போட்டவருக்கு எந்தக் கேள்வியும் இல்லை. கடையில் வாங்கியவர்தான் மதர்போர்டு மாற்றியதற்காக போனில் நீளமான எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். (இதைக் கேட்டா சிரிப்பு வருது. அப்போ வாங்கியவருக்கு வந்திருக்காது.)

இதைச் சரிசெய்யத்தான் "விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ்" என்ற திட்டம். 2004ல் சோதனை முயற்சியாக ஆரம்பித்து, 2005 ஜூலையில் கட்டாயமாக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஏதாவது டவுன்லோட் செய்யணும்னா, முதலில் உங்கள் விண்டோஸ் அசலா என்று ஒரு பரிசோதனை. சில நாட்களுக்குள் ஒரே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை பிரவுசரில் போட்டு அதைத் தாண்டிவிட்டார்கள்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். முக்கியமான பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் டூப்ளிகேட் விண்டோஸுக்கும் கொடுத்தார்கள். சரியான முடிவு. தடுப்பூசி போடும்போது ரேஷன் கார்டு கேட்டால் நோய் ஊர் முழுக்கப் பரவும். கம்ப்யூட்டர் வைரஸுக்கும் அதே நியாயம்தான்.

ஆனா 2006 ஏப்ரலில் ஒரு காரியம் செய்தார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

"நோட்டிஃபிகேஷன்ஸ்" என்று ஒரு புதிய நிரல். கம்ப்யூட்டர் திறக்கும்போதே, "நீங்கள் மென்பொருள் மோசடிக்குப் பலியாகியிருக்கலாம்" என்று திரையில் அறிவிக்கும் நிரல். அது அப்போது முழுமை பெறாத, சோதனை நிலையில் இருந்த நிரல். அதை எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? அவசரமான பாதுகாப்பு அப்டேட்கள் வரும் அதே வழியில், "அதிமுக்கியம்" என்ற முத்திரையோடு! போட்டுவிட்டால் நீக்கவும் எளிய வழி இல்லை.

மருத்துவத்தில் இதற்கு என்ன பெயர்? இன்னும் ட்ரையலில் இருக்கும் மருந்தை, சம்மதம் சரியாக வாங்காமல், தடுப்பூசி வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பது. எத்திக்ஸ் கமிட்டி பார்த்தால் அன்றே நிறுத்தியிருக்கும்.

அதே ஜூன் மாதம் லாரன் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க இணைய நிபுணர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இந்த நிரல், கம்ப்யூட்டர் திறக்கும்போது தினமும் மைக்ரோசாஃப்ட்டுக்குத் தகவல் தொடர்பு கொள்கிறது. வாங்கியவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவே இல்லை. கேட்டபோது நிறுவனம் கொடுத்த விளக்கம் சுவாரசியமானது. நிரல் கோளாறு செய்தால் தூரத்திலிருந்தே அணைத்துவிடத்தான் அந்தத் தொடர்பாம். அப்படின்னா கோளாறு செய்யலாம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! எதிர்ப்பு கிளம்பியது, அமெரிக்காவில் வழக்கும் பதிவானது. மாதக் கடைசியில் தினசரி தொடர்பை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு விட்டார்கள்.

சரி, இப்போ பரிசோதனை எவ்வளவு சரியானதுன்னு பார்ப்போம். இதுதான் என் ஏரியா.

2007 ஜனவரியில் வெளிவந்த கணக்குப்படி, சுமார் 51.2 கோடி சரிபார்ப்பு முயற்சிகளில் 22.3 சதவீதம் தோல்வி. அதாவது 11 கோடியே 40 லட்சம் அளவில். இதில் பெரும்பகுதி உண்மையான திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கசிந்த, திருடப்பட்ட வால்யூம் கீகளால்தான் தோல்விகளில் 80 சதவீதம் என்று 2006ல் மைக்ரோசாஃப்ட்டே சொன்னது.

ஒரு பேச்சுக்கு, தோல்வி என்று வந்த நூறில் ஒன்றே ஒன்றுதான் தப்பு என்று வெச்சுப்போம். 11 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். 99 சதவீதம் சரியான டெஸ்ட்டுன்னு விளம்பரம் கொடுக்கலாம். அந்த 11 லட்சம் பேரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

இன்னொரு விஷயம், இது டாக்டர்களே சில நேரம் மறந்துவிடுவது. ஒரு டெஸ்ட்டின் பாசிட்டிவ் எவ்வளவு நம்பகமானது என்பது டெஸ்ட்டை மட்டும் பொறுத்தது கிடையாது. யாருக்கு எடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. நோய் அதிகமாக இருக்கும் கூட்டத்தில் எடுத்தால் பாசிட்டிவ் பெரும்பாலும் உண்மை. நோயே இல்லாத கூட்டத்தில் எடுத்தால்? வருகிற ஒவ்வொரு பாசிட்டிவும் பொய். ஒரு கல்லூரி நூலகம், நூறு கம்ப்யூட்டருக்கும் முறையாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறது. அங்கே ஒரு திரையில் எச்சரிக்கை வந்தால் அது நூற்றுக்கு நூறு தப்பு. டெஸ்ட் அதே டெஸ்ட்தான்.

அதனாலதான் எச்ஐவி மாதிரி பரிசோதனையில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு முதல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் வாயைத் திறக்க மாட்டோம். வேறு கிட், அதற்குப் பிறகு இன்னொரு கிட், மூன்றும் ஒத்துப்போனால்தான் ரிப்போர்ட். இங்கே? ஒரே டெஸ்ட். முடிவு நேராகத் திரையில், ஆபீஸில் பின்னால் நிற்பவருக்கும் தெரியும்படி. முதல் வாசகத்தில் "இருக்கலாம்" என்ற ஒரு "லாம்" ஆவது இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் அதுவும் போய், "அசல் அல்ல" என்று நேரடித் தீர்ப்பு.

இன்னொரு வகைத் தப்பும் உண்டு. இது நம்மில் பலருக்கு நடந்திருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தில் அசல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரிப்பேருக்குக் கொடுப்போம். கடைக்காரர் தன்னிடம் இருக்கும் சிடியை, தன்னிடம் இருக்கும் கீயைப் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுப்பார். வேலை சீக்கிரம் முடியணுமே! சில மாதத்தில் எச்சரிக்கை வரும். டெஸ்ட்டைப் பொறுத்தவரை அது சரி, அந்தக் கீ உங்களுடையது இல்லை. ஆனா நீங்கள் காசு கொடுத்தவர். ரத்த சாம்பிள் ட்யூபில் பெயர் மாறிப்போன கதைதான் இது. மெஷின் சரியாகத்தான் படித்தது, ட்யூப்தான் வேற ஆளோடது.

இப்போ மறுபடி 2007 ஆகஸ்டுக்கு வாங்க.

ஆக்டிவேஷன் கீகளைக் கையாள வலுவான குறியாக்கம் கொண்ட புதிய நிரலைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் சோதனையில் இருந்த அந்த நிரலை, யாரோ தவறுதலாக நிஜ சர்வர்களில் ஏற்றிவிட்டார். அந்த சர்வர்களோ புதிய குறியாக்கத்துக்கு இன்னும் தயாராகவில்லை. வந்த கீகளைச் சரியாகப் படிக்க முடியாமல் நிராகரிக்க ஆரம்பித்தன.

தப்பைக் கண்டுபிடித்து பழைய நிரலுக்குத் திரும்பினார்கள். அரை மணி நேரத்துக்குள் ஆக்டிவேஷன் சரியாகிவிட்டது. ஆனா "அசலா இல்லையா" என்று சொல்லும் சரிபார்ப்பு சர்வர்கள் சரியாகவில்லை. அது மறுநாள் காலை வரை தொடர்ந்தது.

பிறகு நிறுவனம் விளக்கம் கொடுத்தபோது ஒரு நுட்பமான விஷயத்தைச் சொன்னது. சர்வர் படுத்துவிட்டால், பதில் வராவிட்டால், "அசல்" என்றே எடுத்துக்கொள்ளும்படிதான் வடிவமைத்திருந்தார்களாம். சந்தேகத்தின் பலன் வாடிக்கையாளருக்கு. நல்ல வடிவமைப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனா அன்றைக்கு சர்வர் படுக்கவில்லை. எழுந்து நின்று, தெளிவான குரலில், தப்பான பதிலைச் சொன்னது.

லேப் பூட்டியிருந்தால் நாளைக்கு வரலாம்னு காத்திருப்போம். லேப் திறந்திருந்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு தப்பான ரிப்போர்ட் கொடுத்தால்? அதற்கு யாரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை.

தண்டனை என்னவாக இருந்தது என்பதையும் பார்க்கணும். ஆரம்பத்தில் விஸ்டாவில், உரிய காலத்தில் ஆக்டிவேட் ஆகாவிட்டால் "குறைந்த செயல்பாடு" என்று ஒரு நிலை. ஸ்டார்ட் மெனு இல்லை, டெஸ்க்டாப் இல்லை. பிரவுசர் மட்டும் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு வெளியே தள்ளிவிடும். ஆகஸ்ட் சம்பவத்தில் யாரையும் அந்த அளவுக்குத் தள்ளவில்லை. ஆனா அப்படி ஒரு தண்டனை இருக்கும்போது பொய்யான தீர்ப்பு வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. 2007 டிசம்பரில் அறிவித்து, 2008ல் வந்த சர்வீஸ் பேக்கில் அதை எடுத்தே விட்டார்கள். எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது.

2008 அக்டோபரில் சீனாவில் அந்த எச்சரிக்கையே பெரிய சண்டையானது. தேறாத எக்ஸ்பியில் மணிக்கொரு தரம் டெஸ்க்டாப் பின்னணி கறுப்பாகும். மறுபடி படம் வைக்கலாம், அடுத்த மணி நேரத்தில் மறுபடி கறுப்பு. பெய்ஜிங் வழக்கறிஞர் ஒருவர், மைக்ரோசாஃப்ட்தான் சீனாவின் மிகப்பெரிய ஹேக்கர் என்று அரசுக்குப் புகார் கொடுத்தார். அது கொஞ்சம் ஓவர்தான். ஆனா வீட்டுக்குள் வந்து சுவருக்குக் கறுப்படிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்ற கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை.

கதை இதோடு முடிந்ததுன்னு நினைச்சீங்களா? பெயர்தான் மாறியது.

2018 நவம்பர் 8. விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்களில் பலருக்கு, "உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்தான்" என்று செய்தி வந்து ஆக்டிவேஷன் போனது. ஆக்டிவேஷன் சர்வர் பக்கக் கோளாறு. சரிசெய்தார்கள்.

அடுத்து 2019 ஜனவரி 8. இந்த முறை விண்டோஸ் 7, அதுவும் முறையாக வால்யூம் லைசென்ஸ் வாங்கிய அலுவலகங்கள். காலையில் வந்து திறந்தால் திரை கறுப்பு, மூலையில் "அசல் அல்ல". அதே நாளில் மாதாந்திர பாதுகாப்பு அப்டேட்களும் வந்திருந்ததால், சிஸ்டம் நிர்வாகிகளில் பலர் அவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பாருங்க, குற்றம் செய்யாத தடுப்பூசிக்கும் கெட்ட பெயர்! உண்மையான காரணம் ஆக்டிவேஷன் சர்வரில் செய்த ஒரு மாற்றம். மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

சிக்கியவை எவை என்று பார்த்தால், கேபி971033 என்ற பழைய அப்டேட் போட்டிருந்த கம்ப்யூட்டர்கள். 2010ல் வந்த அந்த அப்டேட்டின் வேலையே விண்டோஸ் 7 அசலா என்று சோதிப்பதுதான். வால்யூம் லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதை நீக்கிவிடுவது நல்லது என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. எப்படி நீக்குவது என்ற செய்முறையையும் கூடவே கொடுத்தது.