மன்னர் தோட்டமும் மக்கள் பூங்காவும்: கடுகண்ணாவைக்கு அப்பால் பேராதனை

கொழும்பிலிருந்து கண்டிக்குத் தரைவழியாகச் செல்வோர் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் உயர்ந்து நிற்கும் டோசன் கோபுரத்தைக் காணாமற் செல்லல் அரிது. கண்டி வீதியை அமைக்கும் பணியிலீடுபட்டு 1829ஆம் ஆண்டு மறைந்த கப்டன் டோசனின் நினைவாக, அவர்பால் மதிப்புக் கொண்டோர் திரட்டிய நிதியால் 1832இல் அக்கோபுரம் எழுப்பப்பட்டது. ஆனால் அவ்வீதிக்காக மலையை வெட்டியோர் இராசகாரிய முறையின்கீழ் ஊதியமின்றி அழைத்துவரப்பட்ட கிராம மக்களாவர். அவர்களுக்குக் கோபுரம் இல்லை. கணவாயைக் கடந்து சில கல் தொலைவு சென்றதும் மகாவலியின் வளைவுக்குள் எதிர்ப்படும் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வரலாற்றை ஆராயும்போதும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். பொதுமக்களுக்கு உரியதென இன்று கருதப்படும் ஒரு பூங்கா, யாருக்குப் பணிசெய்யத் தோன்றியது, யாருடைய உழைப்பால் வளர்ந்தது என்ற வினாக்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல.

பேராதனை பதினான்காம் நூற்றாண்டிலேயே மூன்றாம் விக்கிரமபாகுவின் அரசிருக்கையாய் விளங்கியது. பின்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அஃது அரச தோட்டமாயிற்று. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. அதன்பின் ஆறாண்டுகளுள், களுத்துறையில் இருந்த தாவரத் தோட்டத்தை அலெக்சாந்தர் மூன் பேராதனைக்கு மாற்றினார். இது நிகழ்ந்த 1821ஆம் ஆண்டே பூங்காவின் தொடக்கமெனக் கொள்ளப்படுகிறது. மன்னனின் தோட்டம் மாறியதேயன்றி மக்களின் தோட்டம் உடனே தோன்றிவிடவில்லை. ஏறத்தாழ 147 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா, முதலிற் பேரரசின் வாணிபத்துக்கு நாற்றங்காலாயிற்று. ஆற்றுக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் கோப்பி பயிரிட்டார். 1839இல் அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாவிலிருந்து பேராதனைக்கு வந்தன. 1861இல் சிங்கோனா அக்கலையில் நடப்பட்டது. 1876இல் இறப்பர்க் கன்றுகள் எனரத்கொடையில் வளர்க்கப்பட்டன. இவ்விரு தோட்டங்களும் பேராதனையின் மேற்பார்வையில் இயங்கியவையே. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியபோது, அதன் மாதிரியை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் பேராதனைப் பணிப்பாளர் துவெயிற்சே ஆவார். கோப்பி அழிந்த இடத்திலே தேயிலை பரவியது.

இப்பணிகளின் பயனைப் பெற்ற சமூகம் பெருந்தோட்ட உரிமையாளரே எனலாம். அவற்றின் சுமையைத் தாங்கிய சமூகமோ வேறு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்துவந்த தமிழகத் தொழிலாளர் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரின் சந்ததியினர் தேயிலையை வளர்த்தனர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பேராதனையின் பாத்திகளில் முளைத்தவற்றுக்கும் இம்மக்களின் வாழ்வுக்குமிடையே நேரான தொடர்பு உண்டு. பூங்காவின் வரலாற்றை மலர்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

எனினும், பூங்கா முற்றிலும் அந்நியருக்கே உரியதாய் இருந்ததென்பதும் பொருந்தாது. மூன் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியல் ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தாவரவியலை அறிமுகஞ்செய்தது. சிங்கள மக்களின் பயன்பாட்டுக்கெனவே அப்பகுதி எழுதப்பட்டது. ஆட்சி கைமாறிப் பத்தாண்டுகூட நிறைவுறாத நிலையில் இம்முயற்சி வியப்புக்குரியதே. அதற்கு முந்திய ஆண்டிற் பூங்காவின் சித்திரக்காரராகச் சேர்ந்த அரமானிசு த அல்விசு செனவிரத்தின ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்குப் பணியாற்றி, இந்நாட்டுத் தாவரங்களை ஆயிரக்கணக்கில் வரைந்தார். அவர் மைந்தர் வில்லியமும் ஜோர்ஜும் அதே தொழிலைத் தொடர்ந்தனர். பணிப்பாளர் திரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலின் படங்கள் இக்குடும்பத்தாரின் கைவண்ணமே. அந்நூல் தாவரங்களின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்துள்ளது. அப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்த கிராமத்தவர் யாவரென நூல் கூறவில்லை. ஆயினும் அவர்களின் அறிவின்றி அப்பக்கங்கள் நிறைந்திரா.

மக்கள் பூங்காவை நாடிவரப் போக்குவரத்தே வாயில் திறந்தது எனல் தகும். 1833இல் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான பாலம் அமைந்தது. 1867இற் புகையிரதம் கடுகண்ணாவை மலையேறிக் கண்டியை அடைந்தது. கண்டி நகரின் மற்றொரு பசும்பரப்பான உடவத்தைக்காடு, மன்னர் காலத்திற் குடிமக்கள் புகவியலாத அரண்மனைக் காடாயிருந்து, 1856இல் ஒதுக்கமாகவும் 1938இற் சரணாலயமாகவும் காக்கப்பட்டது. பேராதனையில் மீண்டும் ஆதிக்கம் குறுக்கிட்டது. 1944இல் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பூங்காவினுள்ளேயே இயங்கியது. போர் முடிந்து, 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபுகுந்த பின்னர் மாணவர் தலைமுறைகள் பல அதன் மர நிழலை அறிந்தன.

1912இல் விவசாயத் திணைக்களத்தின்கீழ் வந்த பூங்கா, 2006இல் தனித் திணைக்களமாயிற்று. இன்று மலர்ச்செய்கைப் பயிற்சியும் அதன் பணிகளுள் அடங்கும். வீட்டு முற்றத்திற் பூச்செடி வளர்த்து வருவாய் தேடும் குடும்பங்களுக்கு நாற்றும் நுட்பமும் வழங்கும் இப்பணியே, ஒரு காலத்தில் தோட்டத்துரைகளுக்கு ஆற்றப்பட்ட தொண்டுக்கு நேர்மாறானது. மலையகத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளிலிருந்து சுற்றுலா வரும் சிறுவர், நுழைவுச்சீட்டுப் பெற்று, பெரும்புல்வெளியிற் கிளை பரப்பி நிற்கும் யாவா அத்தியின் கீழமர்ந்து கட்டுச்சோறு உண்கின்றனர்.