பெயர் சுமங்கலி, சுமங்கலிக்கு வேலை இல்லை

இராணுவ அதிகாரியின் மனைவிக்கு எங்கும் மரியாதை உண்டு என்று நாம் நினைக்கிறோம். இராணுவமே அப்படி ஒரு மனைவியை வேலையை விட்டு அனுப்பிய கதை இது.

செலினா ஜான் இராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்டாக இருந்தவர். இராணுவ மேஜர் ஒருவரை மணந்துகொண்டார். 1988 ஆகஸ்டில் அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூட இல்லை. செவிலியர் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை முடித்துவிடலாம் என்று 1977ஆம் வருடத்து 61ஆம் எண் இராணுவ ஆணை சொன்னது. மாப்பிள்ளையான மேஜரின் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த ஆணையிலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் தடுக்கும் உரிமையைப் பிரான்ஸ் 1965இல் எடுத்துவிட்டது. அப்போது நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி மாணவன். அதே 1965இல் நம் உச்ச நீதிமன்றம், கல்யாணமான பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தும் பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்றின் விதியைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து இராணுவம் இந்த ஆணையைப் போட்டிருக்கிறது!

1995இல் ஆணை விலக்கப்பட்டது. செலினாவின் வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 2016இல் லக்னோ இராணுவத் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வேலை போய் முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

இப்போது நான் இருப்பது திருப்பூரில், மகன் வீட்டில். இங்கே பனியன் கம்பெனிகளில் கல்யாணமான பெண்கள் ஏராளம். ஆனால் பனியனுக்கு நூல் தரும் இப்பகுதி நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. கல்யாணமாகாத பெண்களை மட்டும் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, மூன்று வருட முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். நடுவில் கல்யாணம் என்று கிளம்பினால் அந்தத் தொகை போயிற்று. பெயர் சுமங்கலி, சுமங்கலிக்கு அங்கே இடமில்லை.

அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தனியார் ஆலைக்கு அது பொருந்தாது. பம்பாய்ப் பெண்களுக்காக வழக்காடியது அவர்களுடைய தொழிற்சங்கம். செலினாவுக்குச் சங்கம் இல்லை; சீருடை போட்டவர்கள் சங்கம் வைக்க முடியாது. ஆனால் 16ஆம் பிரிவு இருந்தது, பொறுமையும் இருந்தது. விடுதியில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கல்யாணத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்ற ஒரு வரி, தனியார் வேலைக்கும் பொருந்தும்படி தொழிலாளர் சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மேஜர் மனைவிக்கும் அது உதவும், மில் பெண்ணுக்கும் உதவும்.