கையொப்பம் – 9: இரண்டாயிரத்துக்கு மேல் கிடையாது

1910 மார்ச் 12. புதுச்சேரியிலிருந்து ‘இந்தியா’ வார இதழ் கடைசி முறையாக வெளிவந்தது. எழுத பாரதி இருந்தார். சந்தா கட்டிவிட்டுக் காத்திருந்த வாசகர்களும் இருந்தார்கள். ஆனால் இதழ் அச்சானது பிரெஞ்சு மண்ணில், வாசகர்கள் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். இதழ் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். தபால் நின்றது, பத்திரிகையும் நின்றது. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன்.

அந்த ‘இந்தியா’வின் சந்தா விகிதத்தை ஒருமுறை நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன், இந்த வாரக் கதைக்கு அது வேண்டும். ஆண்டுச் சந்தா, அரசாங்கங்களுக்கு 50 ரூபாய். ராஜாக்கள், ஜமீன்தார்கள், பிரபுக்களுக்கு 30. மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்ற எல்லோருக்கும் 3. ஒரே பத்திரிகைக்கு நான்கு விலை! இருப்பவர் கொடுக்கும் பணத்தில் இல்லாதவரும் படிக்கட்டும் என்ற கணக்கு. 1906இல் தமிழில் ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் நிறைகிறது.

இனி அரை நூற்றாண்டைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வில்பட்டி. கொடைக்கானலை ஒட்டிய மலைக்கிராமம். அக்கா வீட்டில் பரண் மேல் புகை காட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டை இறக்கிச் சாக்கில் கட்டும் நாள். வீடு முழுக்கப் புகையும் பூண்டும் கலந்த வாசனை. காய்ந்த தாளை அறுத்துக்கொண்டே அக்கா மகன் கேட்டான்:

“மாமா, வீடியோ கேம்ல கதை எப்படிச் சொல்றாங்கன்னு மாசாமாசம் தமிழ்ல எழுதப் போறேன். கொஞ்ச நாள் சும்மா அனுப்பிப் பார்த்தேன், நல்லாப் படிக்கிறாங்க. இனிமே வருஷச் சந்தா வைக்கலாம்னு இருக்கேன். கொடுப்பாங்களா?”

“கேம் கம்பெனிக்காரங்ககிட்ட விளம்பரம் வாங்கேன்” என்றேன்.

“வாங்கிட்டு அவங்க கேம் சரியில்லைன்னு எப்படி மாமா எழுதறது?”

அறுத்த தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டான். நான் பேனாவை மூடிவிட்டேன். இந்தத் தொடர் முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரும் கேள்வியை அவன் ஒரே வாக்கியத்தில் கேட்டிருந்தான்.

அவன் விளையாடிக் காட்டிய ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ‘வெண்பா’ என்று ஒரு வீடியோ கேம். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படியோ அடுக்கினால் வேகாது. ஒரு தட்டின் குழிக்கு மேல் அடுத்த தட்டின் துளை வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினால்தான் ஆவி மேலே ஏறும். நம் வீட்டு இட்லிப் பானையில் தினமும் நடப்பது. அதைத் திரையில் நம் கையாலேயே செய்யும்போது, சொந்த ஊரைவிட்டு வந்தவள் எதை நினைவில் வைத்துக்கொள்ளப் போராடுகிறாள் என்பது யாரும் சொல்லாமல் விளங்கிவிடுகிறது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுகப் படைப்பு விருது இதற்குக் கிடைத்தது. ஒரு தமிழ் அம்மாவின் கதை உலகம் சுற்றி வந்துவிட்டது. கதை சொன்ன விதத்தைத் தமிழில் ஆராய்ந்து எழுத ஓர் இடம் வேண்டாமா என்கிறான் பையன். நியாயமான ஆசை.

அவனுக்குப் பதில் சொல்ல மலையிறங்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை, ஊத்து என்று மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்கினால், ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதும் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்கள் பஸ் நிற்கும்போது ஒரு காபி குடித்துவிட்டுக் கடந்துவிடும் ஊர். தமிழில் கதை எழுதியவர்களின் சரித்திரத்தை எழுதுகிறவனால் அப்படிக் கடக்க முடியாது.

1872இல் அங்கே பிறந்தவர் பி.ஆர். ராஜமய்யர். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். தமிழின் தொடக்கக் கால நாவல்களில் அதற்கு முதல் வரிசையில் இடம். 26 வயதில் போய்விட்டார். அதே ஊர் பி.எஸ். ராமையா. 1933இல் வார இதழாகப் பிறந்து நின்றுபோன ‘மணிக்கொடி’யை 1935இல் சிறுகதைக்கே உரிய பத்திரிகையாக மறுபடி எழுப்பியவர். புதுமைப்பித்தனும் மௌனியும் எழுதிய மணிக்கொடி அதுதான்.

மூன்றாமவருக்காகத்தான் இந்த அத்தியாயம். 1912இல் பிறந்தவர். பெயர் சி.சு. செல்லப்பா.

கதர்ச் சட்டைக்காரர். 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். மணிக்கொடியில் ‘சரசாவின் பொம்மை’ எழுதிப் பெயர் பெற்றவர். பத்திரிகை வேலைகளில் இருந்து, அவற்றிலிருந்து வெளியே வந்தவர். ஐம்பதுகளின் நடுவில் அவருக்கும் க.நா. சுப்ரமண்யத்துக்கும் ஒரே கவலை: தமிழ்ச் சிறுகதை தேங்கி நிற்கிறது. ‘சுதேசமித்திர’னில் இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் நாளிதழின் ஓரத்தில் எவ்வளவு எழுத முடியும்? கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே தொய்கிறது என்று பக்கம் பக்கமாக அலச எந்த வாரப் பத்திரிகையும் இடம் கொடுக்காது. கல்கியும் விகடனும் குமுதமும் வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்த காலம். தொடர்கதைக்கு வரவேற்பு இருந்தது. தொடர்கதையை எடைபோடுகிறவனுக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

1959 ஜனவரி. சென்னை, திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ஒரு மாத இதழ் புறப்பட்டது. பெயர் ‘எழுத்து’. சினிமா கிடையாது, துணுக்கு கிடையாது, பரிசுப் போட்டி கிடையாது. விமர்சனத்துக்காக ஒரு பத்திரிகை. கூடவே ஓர் அறிவிப்பு: இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை.

இந்த வரியில் சற்று நிற்போம். பத்திரிகை தொடங்கும் எவரும் இன்று ஆயிரம், நாளை லட்சம் என்றுதான் பேசுவார். இவர் முதல் நாளே மேலே ஒரு கூரை போட்டுக்கொண்டார். எனக்குப் புரிந்த அளவில் இதன் அர்த்தம் இதுதான்: லட்சம் பேருக்காக எழுதினால் லட்சம் பேருக்கும் பிடிக்கிற மாதிரி எழுத வேண்டிவரும். இதைத் தேடி வருகிறவர் தமிழ்நாட்டில் இரண்டாயிரம் பேர் இருந்தால் போதும், அவர்களுக்குப் பதில் சொன்னால் போதும். வாசகரிடம், “நீங்கள் கூட்டத்தில் ஒருவர் இல்லை, எண்ணிக்கையில் வருகிறவர்” என்று சொல்லும் அறிவிப்பு அது. அதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் பத்திரிகையும் தன் வாசகருக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை.

பாரதியின் நான்கு விலையும் செல்லப்பாவின் இரண்டாயிரமும் எனக்கு ஒரே குடும்பமாகத் தெரிகின்றன. இரண்டிலும் பத்திரிகைக்காரர் பணம் கேட்பதற்கு முன்னால், யாரிடம் கேட்கிறோம் என்று யோசித்திருக்கிறார்.

பணக் கணக்கைப் பார்ப்போம். கடையில் தொங்கவிட்டு விற்றால் ஏஜெண்டுக்குக் கமிஷன் போக வேண்டும், விற்ற பணம் எப்போதோ வரும், விற்காதது ரிட்டர்னாகக் கட்டு கட்டாகத் திரும்பும். சிறிய பத்திரிகையைக் கொல்வது இந்த ரிட்டர்ன்தான். சந்தா வழியில் அந்தத் தொல்லை இல்லை. இத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள், இத்தனை பிரதி அச்சிட வேண்டும், தீர்ந்தது.

ஆனால் சந்தாவில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஜனவரியில் ஒருவர் ஒரு வருடத்துக்கு மணியார்டர் அனுப்புகிறார். அந்தப் பணம் பிப்ரவரி இதழுக்குக் காகிதமாகிறது, மார்ச் இதழுக்கு அச்சுக் கூலியாகிறது. ஆடி பிறப்பதற்குள் கரைந்துவிடும். டிசம்பர் வரை இதழ் அனுப்புகிறேன் என்று கொடுத்த வாக்கு மட்டும் கரையாமல் நிற்கும். கையில் வந்த சந்தாவை வருமானம் என்று எழுதிக்கொண்டவர்கள் பாதி வழியில் கடையைச் சாத்தினார்கள். கடன் என்று எழுதிக்கொண்டவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது பூண்டுக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

வேலையும் லேசில்லை. சிறுபத்திரிகை நடத்திய வீடுகளுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கும். கூடத்தில் பாய் விரித்து வீடே உட்காரும். ஒருவர் மடிப்பார், ஒருவர் பழுப்புக் காகிதத்தை நாடாபோல் நீளமாகக் கிழிப்பார், ஒருவர் கிண்ணத்தில் மைதாப் பசையைத் தொட்டு ரேப்பரை ஒட்டுவார். முகவரி எழுதுகிறவரின் விரலில் மாலைக்குள் காய்ப்பு விழும். தபால்தலை ஒட்டி, துணிப்பையில் அடைத்து, தபாலாபீசுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும். மாதம் தவறாமல். ஆசிரியர், ஏஜெண்ட், குமாஸ்தா, கூலி எல்லாம் ஒரே ஆள்.

செல்லப்பா அந்த ஒரே ஆளாக இருந்தார். அதே 1959இல் ஜல்லிக்கட்டைக் களமாக்கி எழுதிய ‘வாடிவாசல்’ எழுத்து பிரசுரமாக வந்தது. பிரசுரமும் அவர்தான். பின்னாளில் புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய், ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்து விற்றார். மனைவியின் நகைகள் பத்திரிகைக்காகப் போயின என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் வருத்தத்தோடு சொல்லும் செய்தி. அந்த அம்மாளின் பங்கை எழுத்தின் சரித்திரத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது தப்பு என்று இங்கே சொல்லி வைக்கிறேன். இந்தத் தொடரில் அவருக்குத் தனியாக ஓர் அத்தியாயம் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு நடத்திய விமர்சனப் பத்திரிகைக்குள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ மறுபிரசுரம் ஆகியிருந்தது. யாப்பைத் தளர்த்தி, பேச்சின் போக்கில் நடக்கும் கவிதை. பழைய கவிதை ஒன்றை எடுத்துப் போட்டதுதான். அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களில் நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் ‘உன் கை நகம்’ எழுதி அனுப்பினார். அடுத்தடுத்துப் புதுப் பெயர்கள் வந்தன. படிக்கத்தான் ஆள் கேட்டார் செல்லப்பா. எழுதுகிறவர்களே படையாக வந்தார்கள்.

“அப்படின்னா கடைசியில பணம் வந்துதா மாமா?” என்றான் பையன்.

எழுத்து பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வந்தது, 119 இதழ்கள். பணம் வந்ததா என்றால், அதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. முதல் வருடச் சந்தாவை ஆர்வத்தில் கட்டிவிடுவார்கள். பத்திரிகைக்காரருக்கு உயிரே போய் வருவது இரண்டாம் வருடத் தொடக்கத்தில்தான். கட்டியவர் மறுபடி கட்டுவாரா? ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘சந்தா முடிந்தது’ என்று எழுதிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டிய மாதம் அது.

செல்லப்பாவுக்கு அந்த மாதம் 1960 ஜனவரி. பதின்மூன்றாவது இதழ் தயாராக வேண்டும். அந்த இதழுக்குக் கடல் தாண்டி, இலங்கையின் திருகோணமலையிலிருந்து ஒரு கவிதை பிள்ளையார் கோயில் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. தலைப்பு ‘நான்’. எழுதியவருக்கு வயது இருபது. கீழே இருந்த பெயரைத் தமிழ்நாட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

தருமு சிவராமு.

(தொடரும்)