கீழாநெல்லி: பெயரின் அரசியல்

"காமாலையா? கீழாநெல்லிய அரைச்சு மோருல குடு." ஸ்ரீரங்கத்து வாழைத்தோப்பு வரப்புச் செடிக்கு இவ்வளவுதான் விளக்கம், யாரும் பெயரைச் சந்தேகித்ததில்லை.

விஞ்ஞானமோ பெயரிலேயே தடுமாறியது. ஹெபடைடிஸ்-பி வைரஸ் மீதான ஆய்வை 1987இல் வெளியிட்ட புளூம்பெர்க் குழு அதை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றது. அந்தப் பெயர் அமெரிக்கச் செடி ஒன்றுடையது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழு, புளூம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட்டில் எழுதியபோது 'பில்லாந்தஸ் அமாரஸ்' ஆயிற்று. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்புற ஆன்டிஜென் மறைந்தது. பிறர் செய்த சோதனைகளில் அது திரும்ப நிகழவில்லை. செடி வேறா, மண் வேறா, பக்குவம் வேறா என்று சர்ச்சை நீண்டது.

சாரம் இறக்கி, பிரித்து, மூலக்கூறைத் தேடுவதெல்லாம் பிறகுதான். முதலில் எந்தச் செடி என்பதற்குச் சாட்சி வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் மேத்யூ அடிகளார் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் அத்தகைய சாட்சிகளின் கிடங்கு: உலர்த்தி ஒட்டிய செடி, பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர்.

நான் கேட்பது இதுதான். இத்தகைய தாள்களில் பறித்தவருக்கு இடமுண்டு; மோரில் குடுன்னு சொன்னவளுக்கு எங்கே இடம்?