வருவதுரைக்கும் வெள்ளித்திரை

வருவதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மிகப் பழமையானது. கிரேக்க நாட்டில் டெல்பி ஆலயத்துப் பூசாரிணியின் அருள்வாக்குக்காக அரசர்கள் தூதர்களை அனுப்பிக் காத்திருந்ததும், ரோமாபுரியில் பறவைகள் பறக்கும் திசையை நோக்கிச் சகுனம் கூறுவதற்கென்றே ராஜாங்கத்தில் தனிப் பதவி இருந்ததும் சரித்திரம் அறிந்த செய்திகள். விஞ்ஞானம் தலையெடுத்தபின் அருள்வாக்கின் மதிப்புக் குன்றியதே தவிர, அதற்குக் காரணமான ஆசை குன்றவில்லை. ஆலயத்தை விட்டு வெளியேறிய அது, சென்ற நூற்றாண்டில் சினிமாக் கொட்டகையினுள் குடிபுகுந்தது. எதிர்காலத்தைக் கண்டவனின் கதையைச் சொல்லும் படங்கள் தலைமுறைதோறும் வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றை வரிசையாக நோக்குபவருக்கு ஓர் உண்மை புலப்படும்: வருவதைக் காணும் சக்தி, படத்துக்குப் படம் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சினிமாவும் காலப் பிரயாணக் கதையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உலகத்துக்கு அறிமுகமாயின. ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘டைம் மெஷின்’ புத்தகமாக வெளிவந்தது 1895-ஆம் ஆண்டில். லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரத்துக் கிராண்ட் கபேயில் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குத் தங்கள் சலனப்படங்களைக் காட்டியது அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அக்டோபர் 24-ஆம் தேதியன்று, லண்டனில் மின்சாரக் கருவிகள் செய்து விற்றுவந்த ராபர்ட் பால் என்பவர் விசித்திரமான ஒரு காப்புரிமை மனுவைத் தாக்கல் செய்திருந்தார். ஆசனங்கள் அமைந்த மேடையொன்றில் ஜனங்களை உட்கார வைத்து, அம்மேடையை யந்திரங்களால் அசைத்து, முகத்தில் காற்று வீசச் செய்து, எதிரே படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுவித்து, வெல்ஸின் கதாநாயகனைப் போலவே அவர்களும் சென்ற காலத்துக்கும் வருங்காலத்துக்கும் போய்வந்ததாக உணரச் செய்வதே அவருடைய திட்டம். பொருள் வசதி கூடாமையால் அந்த மேடை கட்டப்படவேயில்லை. ஆயினும் அந்த மனுவில் கவனிக்கத் தக்க ஒன்று உண்டு: அனுமதிச் சீட்டுக்குக் காசு கொடுத்த எவரும் வருங்காலத்தைக் காணலாம் என்பதே பாலின் எண்ணம். அரசனுக்கும் புரோகிதனுக்கும் மட்டுமே உரியதாக இருந்த ஒரு பாக்கியத்தை அவர் சந்தைக்குக் கொண்டுவர நினைத்தார்.

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, யுத்தத்தின் காரணமாகத் தாய்நாட்டை விட்டு ஹாலிவுட்டில் தங்கியிருந்த பிரெஞ்சு டைரக்டர் ரெனே கிளேர், 1944-ஆம் ஆண்டில் ‘இட் ஹாப்பண்டு டுமாரோ’ என்ற படத்தை எடுத்தார். கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பத்திரிகை நிருபனாகிய ஓர் இளைஞனிடம், அந்த அலுவலகத்தின் பழைய ஊழியர் ஒருவர் மறுநாள் வெளிவர வேண்டிய பத்திரிகையை முந்தின நாளே கொடுக்கிறார். அவனும் எல்லோருக்கும் முன்பாகச் செய்தி தந்து புகழ் அடைகிறான். குதிரைப் பந்தயத்தில் பணமும் சம்பாதிக்கிறான். கடைசியாகக் கையில் கிடைத்த பத்திரிகையிலோ அவனுடைய மரணச் செய்தியே அச்சாகியிருக்கிறது. அதில் குறிப்பிட்ட இடத்துக்குப் போகாமல் தப்பிக்க அவன் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் அவனை அவ்விடத்துக்கே இழுத்துச் செல்கிறது. முடிவில், அவனுடைய பணப்பையைத் திருடியவன் அங்கே இறந்துகிடக்க, பையைக் கண்டவர்கள் இறந்தவன் நிருபன்தான் என்று எண்ணிச் செய்தி போட்டுவிட்டார்கள் என்பது தெரிய வருகிறது. பத்திரிகை சொன்னது பலித்தது. ஆனால் பத்திரிகை சொன்னது பிழை. முன்னறிவிப்பு என்பது யாரோ ஒருவர் எழுதிய ஓர் அறிக்கை என்பதையும், எழுதுபவர் தவறக் கூடும் என்பதையும் கிளேர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார். இங்கே வருவதைக் காணும் சக்தி ஒரு தனி மனிதனிடம் இருக்கிறது. அதனால் விளையும் லாபமும் ஆபத்தும் அவன் ஒருவனையே சாரும்.

அந்தச் சக்தியை ராஜாங்கத்தின் கையில் ஒப்படைத்தவர் பிலிப் கே. டிக் என்னும் அமெரிக்கக் கதாசிரியர். 1928-ஆம் ஆண்டில் சிக்காகோவில் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த அவர், ‘தி மைனாரிட்டி ரிப்போர்ட்’ என்ற சிறுகதையை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின் பேரில் உத்தியோகஸ்தர்களும் ஆசிரியர்களும் நடிகர்களும் விசாரிக்கப்பட்டு, செய்த காரியத்துக்காக அன்றிச் செய்யக் கூடும் என்று கருதப்பட்ட காரியத்துக்காகப் பிழைப்பை இழந்த காலம் அது. பெர்க்லியில் வசித்த நாட்களில் டிக்கின் வீட்டுக்கே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்து போனதுண்டு. அவருடைய கதையில், வருங்காலத்தைக் காணும் மூவர் யந்திரங்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள்; அவர்கள் பிதற்றுவதைக் கொண்டு, கொலை நிகழுமுன்னரே கொலைகாரனைச் சிறைப்படுத்த ஒரு போலீஸ் இலாகா இயங்குகிறது. அவ்விலாகாவைத் தோற்றுவித்த ஆண்டர்டன் என்பவரே கொலை செய்யப்போவதாக ஒரு நாள் அறிக்கை வருகிறது. அறிக்கையைப் படித்தவர் மனம் மாறுகிறார். மனம் மாறுவார் என்பதையும் சேர்த்துக் கணித்த அடுத்த அறிக்கை வேறொன்று சொல்கிறது. அதையும் அறிந்தபின் நேர்வதைக் கூறும் மூன்றாவது அறிக்கை இரண்டையும் பொய்யாக்குகிறது. முன்னறிவிப்பைக் கேட்பவன் கேட்ட கணமே வேறு மனிதனாகிவிடுகிறான் என்ற தர்க்கத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதைகள் சிலவே. டிக்கின் ஆண்டர்டன் இறுதியில் அக்கொலையைச் செய்தே தீர்க்கிறார், தம்முடைய இலாகாவின் நற்பெயரைக் காப்பாற்றுவதற்காக!

1962-ஆம் ஆண்டில் பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் எடுத்த ‘லா ஜெத்தே’ இருபத்தெட்டு நிமிஷங்களே ஓடும் படம். ஒரு பெண் கண் திறக்கும் ஒரு கணத்தைத் தவிர, மற்றதெல்லாம் அசையாத புகைப்படங்களால் ஆனது. மூன்றாம் உலக யுத்தத்தில் அழிந்த பாரிஸ் நகரின் அடியில், வென்றவர்கள் ஒரு கைதியைச் சோதனைப் பொருளாக்கிச் சென்ற காலத்துக்கும் வருங்காலத்துக்கும் அனுப்புகிறார்கள். சிறு வயதில் ஓர்லி விமான நிலையத்தில் தான் பார்த்த மரணம் தன்னுடையதே என்பதை அவன் கடைசியில் உணர்கிறான். காண்பவன் ஒருவன், அக்காட்சியால் பயன்பெறுபவர்கள் வேறு சிலர் என்ற பிரிவினை இப்படத்தில் தெளிவாக அமைந்துவிட்டது.

டிக்கின் கதையை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ என்ற படமாக்கியபோது இவ்விரண்டு இழைகளும் ஒன்றாயின. 2054-ஆம் ஆண்டின் வாஷிங்டன் நகரம் எப்படி இருக்கும் என்று யோசிப்பதற்காக 1999-ஆம் ஆண்டில் அவர் பல துறை நிபுணர்களைக் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் ஒரு ஹோட்டலில் கூட்டி ஆலோசித்தார். கண்ணின் அடையாளத்தைக் கொண்டு ஆளை இனம் காண்பது, வழிப்போக்கனைப் பெயர் சொல்லி அழைக்கும் விளம்பரம், கையசைவுக்குக் கட்டுப்படும் கணிப்பொறித் திரை ஆகியவை படத்தில் இடம்பெற்றன. இப்புதுமைகளைக் காட்டிலும் ஆழ்ந்த விஷயம் படத்தின் மையத்திலுள்ள சூழ்ச்சியில் இருக்கிறது. முன்னறிவோர் மூவருள் அகதா என்பவளின் தாய் தன் மகளைத் திருப்பிக் கேட்கிறாள். மகள் போய்விட்டால் இலாகாவே இல்லை. ஆகவே அதன் தலைவர் அத்தாயைக் கொன்றுவிடுகிறார். எல்லாக் கொலைகளையும் காணும் அமைப்பின் கண்ணில் இக்கொலை எப்படி மறைந்தது? முன்பு கண்ட காட்சி மறுபடியும் தோன்றினால் அதை எதிரொலி என்று ஒதுக்கிவிடுவது அவ்விலாகாவின் வழக்கம். அந்த வழக்கத்தை அறிந்தவர் அதனுள்ளேயே தம் குற்றத்தை ஒளித்துவைத்தார். ஞானதிருஷ்டியில் குறையில்லை, குமாஸ்தாவின் கோப்பில்தான் குறை. டிக்கின் கதையில் பிழைத்துக்கொண்ட இலாகா படத்தின் முடிவில் கலைக்கப்படுகிறது.

படப்பிடிப்பு முடிந்தது 2001-ஆம் ஆண்டு ஜூலையில். செப்டம்பரில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 2002 ஜனவரியில், விசாரணையின்றி அடைத்துவைக்கப்பட்ட கைதிகள் குவாண்டனாமோவிலுள்ள அமெரிக்க ராணுவச் சிறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஜூன் மாதம் படம் வெளியானபோது, கற்பனை என்று தொடங்கிய கதை நடைமுறை விவகாரமாக ஆகியிருந்தது.

அதன்பின் பத்தாண்டுகளுக்குள் போலீஸ் இலாகாக்கள் கணிப்பொறியின் துணையோடு ஆரூடம் பார்க்கத் தொடங்கின. சிக்காகோ நகரப் போலீஸார் 2013-ஆம் ஆண்டில் சோதனையாக ஒரு பட்டியல் தயாரித்தனர். துப்பாக்கிக் குற்றத்தில் சிக்கக் கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களுள் சிலரைப் போலீஸார் வீடு தேடிச் சென்று எச்சரித்தனர். பின்னர் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டபோது, முன்பு துப்பாக்கியால் சுடப்பட்டுக் காயமுற்றிருப்பதும் ஒருவனுடைய எண்ணை உயர்த்தும் காரணங்களுள் ஒன்றாயிற்று. அடிபட்டவனே ஆபத்தானவன் ஆனான். 2016-ஆம் ஆண்டில் ராண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு, அந்தச் சோதனைப் பட்டியலால் கொலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், அதில் இடம்பெற்றவர்கள் கைது செய்யப்படுவதே மிகுந்தது என்றும் கூறியது. 2019-ஆம் ஆண்டில் சிக்காகோ அதைக் கைவிட்டது. மறு ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸாரும் குற்றம் நிகழக் கூடிய இடங்களைக் கணிப்பதற்குத் தாங்கள் கையாண்ட ‘பிரெட்போல்’ முறையை நிறுத்திக்கொண்டனர்.

முன்னறிவோர் வருங்காலத்தை நேரே கண்டார்கள் என்பது கதை. கணிப்பொறி கண்டதெல்லாம் பழைய போலீஸ் பதிவேடுகளே. எந்தத் தெருவில் போலீஸார் அதிகம் நடமாடினார்களோ அந்தத் தெருவே நாளைய குற்றத்துக்கும் இருப்பிடம் என்று அது விடை சொன்னது. பாலின் மேடையில் காசு கொடுத்தவர் எவருக்கும் கிட்டவிருந்த காட்சி, காவலர்களுக்கு மட்டுமே உரிய அறிக்கையாக மாறியபின், அதில் இடம்பெற்றவனுக்கு அதைப் படித்துப் பார்த்து மறுக்கும் வாய்ப்புக் கூட இல்லாமல் போயிற்று. கிளேரின் நிருபனாவது தன் மரணச் செய்தியைத் தானே படித்தான். டிக்கின் ஆண்டர்டனும் தம் அறிக்கையைத் தாமே கண்டதனால்தான் மனம் மாற முடிந்தது. முன்னறிவிப்பு நியாயமாக இருக்க வேண்டுமாயின், அது யாரைப் பற்றியதோ அவருடைய கண்ணுக்கு முதலில் படவேண்டும் என்பதே இந்தக் கதைகள் நமக்குக் கற்பிக்கும் நீதி. கலிபோர்னியாவின் கடற்கரை நகரமான சாந்தா குரூஸ், கணிப்பொறி கொண்டு குற்றத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையை 2011-ஆம் ஆண்டிலேயே கையாளத் தொடங்கிய ஊர்களுள் ஒன்று. 2020 ஜூன் மாதத்தில் அதைச் சட்டத்தால் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமும் அதுவே.