டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அப்புறமும் வலிப்பது ஏன்? எப்போ சரியாகும்?

கீழ் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணியும் ஏன் வலிக்குது?" போதாக்குறைக்கு, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "முதுகுல கத்தி வைக்காதனு அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் நடப்பது என்ன?

கால் வலி வேறு, முதுகு வலி வேறு

பெரும்பாலும் எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய இரண்டு இடங்களில்தான் டிஸ்க் பிதுங்குகிறது. அது நரம்பை அழுத்துவதால் இடுப்பிலிருந்து பாதம் வரை சுண்டி இழுக்கும். இதுதான் சயாட்டிகா. மைக்ரோடிஸ்கெக்டமி என்ற அறுவை சிகிச்சையில் முழு டிஸ்க்கையும் எடுப்பதில்லை. நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் அகற்றுகிறார்கள். அதாவது, இந்த ஆபரேஷனின் முக்கிய நோக்கமே கால் வலியைப் போக்குவதுதான். பலருக்கு அது சில நாட்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும்.

முதுகில் இருப்பது தையல் போட்ட இடத்து வலியும், விலக்கப்பட்ட தசையின் வலியும். இது அடங்கச் சில வாரங்கள் ஆகும். மரத்துப்போன உணர்வு இன்னும் மெதுவாகத்தான் போகும். நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு தேறுவதற்கு மாதங்கள்கூட ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. இதைப் பார்த்துத்தான் பலர் 'ஆபரேஷன் ஃபெயில்' என்று பயந்துவிடுகிறார்கள்.

மாத்திரையில் எங்கே தப்பு நடக்குது?

'வலி தாங்கலைன்னா போட்டுக்கலாம்' என்று காத்திருப்பதுதான் முதல் தப்பு. ஏறிவிட்ட வலியை இறக்குவது கஷ்டம். முதல் சில நாட்கள் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் அது இருக்கும் என்பதால் கூட்டிப் பார்க்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு இருந்தால் அளவு இன்னும் குறையும்.

ட்ரமடால் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் முதுகில் சுரீர் என்கும். தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி என முதல் நாளிலிருந்தே கவனிப்பது நல்லது. பிரீகாபலின், கபாபென்டின் மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், அதோடு வண்டி ஓட்டக் கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது. கிட்னி பிரச்சினை, அல்சர் இருப்பவர்கள் மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது ஆபத்து.

படுத்தே இருக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலானவர்களை அன்றே அல்லது மறுநாளே நடக்க வைத்துவிடுகிறார்கள். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காருவது, தரையில் சம்மணம் போடுவது, குனிந்து வீடு பெருக்குவது எல்லாம் சில வாரங்களுக்குத் தள்ளிப்போட வேண்டியவை. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. அதைத் தொடவே வேண்டாம். குழந்தையைத் தூக்காமல் இருப்பதுதான் வீட்டில் ரொம்பக் கஷ்டமான விஷயம். உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆபீஸ் வேலை என்றால் 2 முதல் 6 வாரங்களிலும், மூட்டை தூக்கும் வேலை என்றால் 3 மாதம் வரை கழித்தும் திரும்பலாம்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வே இல்லாதது, பாதம் தொங்கிப்போவது ஆகியவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு தையலில் சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

நன்றாக இருந்த காலில் சில வாரங்கள் கழித்து அதே பழைய வலி திரும்பினால், மிச்சமிருக்கும் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம். சிலருக்கு இப்படி நடப்பதுண்டு. அதை உறுதிப்படுத்த மறுபடி எம்ஆர்ஐ எடுப்பார்கள். அப்படியே இருந்தாலும், எல்லோருக்கும் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவதில்லை.