இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளிகளில் ஆன்மிக, ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சி: ஒரு வரலாறு

இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு, அவர்களுடைய ஆன்மிக, ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சியைப் பேணுவதும் பள்ளியின் பொறுப்பாகும். பள்ளிகளைப் பார்வையிடும் ஆய்வாளர்கள் இந்த நான்கையும் கருத்தில் கொள்கின்றனர். இது ஒரே நாளில் ஏற்பட்டதன்று. குழந்தையின் மனச்சான்றை உருவாக்கும் உரிமை திருச்சபைக்கா, அரசுக்கா, பெற்றோருக்கா என்ற நீண்ட வழக்கின் விளைவே இது.

திருச்சபைப் பள்ளிகளும் மதராஸ் முறையும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழைக் குழந்தைகளின் கல்வி பெரும்பாலும் சமய அமைப்புகளின் கையில் இருந்தது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தேசியச் சங்கத்தை நிறுவினர். அதன் பள்ளிகள் பின்பற்றிய கற்பித்தல் முறைக்கு 'மதராஸ் முறை' என்று பெயர். சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் கண்காணித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் வளர்த்து, 1797இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். முறை மதராசிலிருந்து சென்றாலும், ஒழுக்கப் பாடம் வேதாகமத்தையும் திருச்சபையின் வினாவிடையையும் சார்ந்தே இருந்தது.

1870ஆம் ஆண்டுச் சட்டம்

1870இன் தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளி இல்லாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்கள் பள்ளி நடத்த வழி செய்தது. வாரியப் பள்ளிகளில் எந்த ஒரு சபைப் பிரிவுக்கும் தனியாக உரிய வினாவிடையைக் கற்பிக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மனச்சான்று விதி என்ற மற்றொன்றின்படி, சமயப் பாடம் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டுமே நடக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். ஏழைப் பெற்றோரின் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது இதன் சிறப்பு. ஆயினும் பிணக்கு ஓயவில்லை. 1902ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பள்ளிகளுக்கு உள்ளாட்சி வரிப்பணம் வழங்கியபோது, சபை சாராக் கிறித்தவர் பலர் வரி கொடுக்க மறுத்து, அதற்கான தண்டனையையும் ஏற்றனர்.

1944: 'ஆன்மிகம்' என்ற சொல்

இரண்டாம் உலகப் போரின்போது நிறைவேறிய 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் பட்லர். சமூகத்தின் ஆன்மிக, ஒழுக்க, மன, உடல் வளர்ச்சிக்குக் கல்வி உதவ வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. 'சமய' என்று எழுதாமல் 'ஆன்மிக' என்று எழுதியதால், பல பிரிவினரும் ஏற்கும்படி அச்சொல் விரிந்த பொருள் தந்தது. எனினும், நாள்தோறும் பள்ளி கூட்டு வழிபாட்டுடன் தொடங்க வேண்டும் என்பதும், சமயப் பாடம் கட்டாயம் என்பதும் அதே சட்டத்தில் இருந்தன. பெற்றோரின் விலக்குரிமையும் தொடர்ந்தது.

பல சமய வகுப்பறை

போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் குடியேறியோரின் பிள்ளைகள் நகரப் பள்ளிகளில் சேர்ந்தனர். இந்து, சீக்கிய, இசுலாமியக் குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரே சமயத்தின் வழியாக மட்டும் ஒழுக்கம் கற்பிப்பது கடினமாயிற்று. 1975இல் பர்மிங்காம் நகரம் பல சமயங்களையும் உள்ளடக்கிய பாடத்திட்டத்தை வெளியிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ச்சிப் பட்டியலில் பண்பாட்டையும் சேர்த்தது. சமயப் பாடத்தில் நாட்டின் பிற முக்கியச் சமயங்களும் இடம்பெற வேண்டும் என்றது. கூட்டு வழிபாடு பெரும்பாலும் கிறித்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம், இன்று வழங்கும் நான்கு கூறுகளையும் ஆய்வாளர் அறிக்கையில் இடம்பெறச் செய்தது.

வகுப்பறையில் நான்கும்

ஆன்மிக வளர்ச்சி வழிபாட்டோடு நின்றுவிடுவதில்லை. விதை முளைப்பதைக் கண்டு வியப்பதும், தன் நம்பிக்கையைப் பற்றி அமைதியாக எண்ணிப்பார்ப்பதும் அதில் அடங்கும். ஒழுக்க வளர்ச்சி, சரி எது, தவறு எது என்று உணர்ந்து, தன் செயலின் விளைவுக்குப் பொறுப்பேற்பதாகும். வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பேசுவதும், மாணவர் மன்றத்துக்கு வாக்களிப்பதும் சமூகப் பயிற்சிகள். கோயில், குருத்துவாரா, மசூதி ஆகியவற்றுக்குச் செல்வதும், பல நாட்டு இசையும் கதையும் அறிவதும் பண்பாட்டு வளர்ச்சிக்கு உதவும்.

2014இல் கல்வித் துறை, மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, பிற நம்பிக்கையினரை மதித்தல் ஆகியவற்றை அடிப்படைப் பிரித்தானிய விழுமியங்கள் என வரையறுத்து, இதே நான்கின் வழியாக வளர்க்குமாறு பள்ளிகளை அறிவுறுத்தியது. இவை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவையா என்று ஆசிரியர்கள் வினா எழுப்பினர். 1870இல் ஒரு சபைப் பிரிவின் வினாவிடையைப் பற்றி எழுந்த கேள்வி, இன்று வேறு சொற்களில் தொடர்கிறது எனலாம்.